பதினொரு பள்ளம்

எழுதிக்கொள்ளுங்கள் ஐயா.
பெயர் வெள்ளத்தாய். மேட்டு லயம், ஏழாம் காம்பரா.
வேலை: துடைப்பது.
பெரிய துரை பங்களா மியூசியமான வருசத்திலிருந்து
அந்தக் கண்ணாடிப் பெட்டியை நான்தான் துடைக்கிறேன்.
உள்ளே இருந்த கல்லை ஒருநாளும் தொட்டதில்லை.
என் மூச்சுப் பட்டு மங்கின இடத்தைத்தான்
என் துணி தொட்டிருக்கிறது.

பதினொன்று. ஆமாம், எண்ணத் தெரியும்.
கொழுந்து நிறுக்கிற தராசுக்குப் பயந்து
எங்கள் வீட்டில் எல்லோரும் எண்ணப் படித்தோம்.
நீலம் நாலு. ஒன்றுக்கு வயிற்றில் பால்கோடு.
பூனைக்கண் ரெண்டு.
வெங்காயத் தோல் நிறத்தில் ஒன்று, பெயர் வாயில் நுழையாது.
மிச்சம் நாலும் சிவப்பு; பெரியது கோழி ஈரல் அளவு,
வருகிறவர்கள் எல்லாம் அதன் முன்னால்தான் நிற்பார்கள்.
எனக்கு அந்தப் பால்கோட்டு நீலம்.

அட்டையில் இருக்கும்:
ஏழாம் நம்பர் மலையில் கான் வெட்டுகையில் கிடைத்தது.
கண்டெடுத்தவர் துரை.
கானுக்குள் துரை இறங்கியதை
அந்த அட்டை மட்டும்தான் பார்த்திருக்கிறது.
இதை எழுத வேண்டாம்.

போயா இரவு.
நிலா இருந்தும் என்ன, மூடுபனி வாசல்படிவரை வந்து படுத்திருந்தது.
ஒன்பதரைக்குக் கரண்ட் போனது.
வாட்சர் செபமாலை மூன்று தடவை சுற்றி வந்தாராம்.
கதவுக்குப் பூட்டு, ஜன்னலுக்குக் கம்பி, கூரைக்குப் புதுத் தகரம்.
புகைக்கூண்டை ஒருவரும் நினைக்கவில்லை.
துரை கப்பல் ஏறிய நாளோடு அணைந்த அடுப்பு அது.
அதற்குள்ளே கயிறு விட்டு,
மூச்சைப் பிடித்து, தோள் இரண்டையும் ஒடுக்கி,
தேயிலைத் தூருக்குள் நுழைகிற முயல் மாதிரி
யாரோ இறங்கியிருக்கிறார்கள்.
கண்ணாடியை உடைக்கவில்லை.
வட்டமாக வெட்டி, வெட்டிய வட்டத்தைத்
துணி விரித்து மேசைமேல் வைத்திருக்கிறார்கள்.
அவ்வளவு மரியாதை அந்தக் கண்ணாடிக்கு
என்னைத் தவிர யாரும் காட்டியதில்லை.

காலை ஆறுக்குத் திறந்தது நான்தான்.
தரையெல்லாம் கரித்தடம்,
அடுப்பிலிருந்து பெட்டிக்கு, பெட்டியிலிருந்து அடுப்புக்கு.
துடைத்தேன்.
ஏன் என்றால்?
சம்பளம் அதற்குத்தானே ஐயா.
துடைத்து முடித்துத்தான் நிமிர்ந்தேன்.
நிமிர்ந்த பிறகுதான் பள்ளங்களைப் பார்த்தேன்.

*

பொகவந்தலாவைப் பொலிசில் சிங்களத்தில் எழுதினார்கள்.
நான் பேசியது முக்கால் மணி நேரம்,
அவர் எழுதியது ஆறு வரி.
எனக்குப் படிக்கத் தெரியாத என் சொற்களுக்குக் கீழே
தமிழில் கையெழுத்துப் போட்டேன்.

பிறகு ஜீப் லயத்துக்கு வந்தது.
அரிசி டின்னைக் கவிழ்த்தார்கள். பருப்பைக் கவிழ்த்தார்கள்.
மாரியம்மன் உண்டியலைக் காதோரம் குலுக்கிப் பார்த்தார்கள்.
யோகராணி மகனின் புத்தகப் பையில்
நீல நிறத்தில் ஒரு கோலிக்குண்டு.
உறையிலிட்டு, அரக்கு முத்திரை வைத்து,
கொழும்புக்கு அனுப்பினார்கள்.
நாற்பது நாள் கழித்துக் கடிதம் வந்தது: கண்ணாடி.
குண்டு வரவில்லை.
ரசீது இருக்கிறது, பையன் அதை வைத்து விளையாடுகிறான்.
மடித்துவிட்டால் பீலிக்கரைவரை பறக்கிறது.

மியூசியத்தில் இப்போதுதான் கூட்டம்.
வெல்வெட்டில் பதினொரு பள்ளத்தைப் பார்க்கக்
கண்டியிலிருந்து பஸ் வருகிறது.
புகைக்கூண்டுக்கும் ஓர் அட்டை வைத்துவிட்டார்கள்:
இவ்வழியே இறங்கினர்.
இறங்கியவர் பெயர் இதிலும் இல்லை.
பள்ளத்தில் தூசி படிகிறது. உள்ளே துடைக்க
எனக்கு உத்தரவில்லை.

ஐயாவிடம் சொல்லாதது ஒன்றே ஒன்று.
பங்குனித் தீமிதியில், பூக்குழி தாண்டி,
பால் ஊற்றிய ஈரமண்ணில் அதைத் திரும்பப் பார்த்தேன்:
இடது கால். சுண்டுவிரல் இருக்கவேண்டிய இடம் வெறும் மண்.

நிமிரவில்லை. துடைக்கிறவளுக்குத்
தரை போதும், முகம் எதற்கு.
பின்னால் வந்தவர்கள் மிதித்து மிதித்து
அதுவாக அழிந்துபோனது.

எனக்கு அன்றைக்கு லீவு.